உழைப்பு அயல்நாட்டில், வரி எந்நாட்டில்?



திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியே தேனிக்குப் போகும் சாலையும், நிலக்கோட்டைப் பக்கமிருந்து வந்து ஒட்டன்சத்திரம், பழனி நோக்கிப் போகும் சாலையும் கூடுகின்ற இடம் செம்பட்டி. ஒரு காலத்தில் அக்கூட்டுச்சாலையில் பேருந்துக்குக் காத்து நின்றவர்கள் சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்லும் உழவர்கள். சின்னாளப்பட்டியில் சேலை நெய்வோர். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக்கும் தோல் பதனிடும் கூடங்களுக்கும் கூலிக்குச் செல்வோர். இன்றோ அவர்களுக்கிடையே கையில் கடவுச்சீட்டும் தோளில் பையுமாய், மதுரைக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ வானூர்தி ஏறப் போகும் இளைஞர்களும் நிற்கின்றனர். மானம் பார்த்த நிலம் கைவிட்டபின், துபாயும் சிங்கப்பூரும் மலேசியாவுமே அவர்கட்குக் கழனிகளாகிவிட்டன.

அத்தகைய இளைஞர் ஒருவர் சில திங்களுக்கு முன் என்னிடம் வந்தார். நான்கு ஆண்டுகளாகத் துபாயில் கட்டட வேலை மேற்பார்ப்பவர். விடுமுறைக்கு வந்திருந்தார். கையில் ஒரு தாள். வருவாய் வரித்துறையிலிருந்து கைப்பேசிக்கு வந்த செய்தியைக் கடையில் கொடுத்து அச்செடுத்திருந்தார். முழுவதும் ஆங்கிலம். அவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். தம் பெயரும் ஓர் எண்ணும் தவிர அதில் அவர்க்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஐயா, நான் திருடவில்லை, ஏமாற்றவில்லை. வெயிலில் காய்ந்து சேர்த்த பணம். அதில் மூன்றில் ஒரு பங்கு வரியென்று சொல்கிறார்களே, மெய்தானா?" என்றார்.

"யார் சொன்னார் தம்பி?"

"நகரத்தில் வரிக்கணக்கு எழுதித் தருகின்ற ஒருவர். கொடுக்க வேண்டியதைத் தாமே பேசிக் குறைத்து முடித்துத் தருவதாகச் சொன்னார். முன்பணமாக நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டார்."

தாளைப் படித்துப் பார்த்தேன். அதில் எந்த வரியும் கேட்கப்படவில்லை! அவர் தம் வைப்பகக் கணக்கில் பன்னிரண்டு இலக்கம் உருபாவை நிலைவைப்பாகப் போட்டிருந்தார். ஓராண்டில் பத்து இலக்கத்திற்கு மேற்பட்ட வைப்புகளை வைப்பகங்கள் வரித்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். அவ்வாறு தெரிவிக்கப்பட்டதனால், 'இப்பணம் எவ்வாறு வந்தது?' என்று துறை கேட்டிருந்தது. அவ்வளவுதான். அயல்நாட்டில் உழைத்து, அங்கே சம்பளம் வாங்கி, அதனை ஊருக்கு அனுப்பினேன் என்று சான்றுகளோடு விடை எழுதினால் தீர்ந்துபோகும் செய்தி அது. சம்பளத்திற்கு ஒரு காசும் வரியில்லை. வைப்பிற்கு வந்த வட்டி மட்டுமே இந்நாட்டு வருவாய். அவ்வட்டியோ ஆண்டுக்கு ஓர் இலக்கத்தையும் எட்டவில்லை. எனவே அதற்கும் வரியில்லை. இல்லாத வரிக்காக நாற்பதாயிரம் உருபா போயிற்று! அதனைப் பறித்தது வரியன்று, அறியாமை. அவ்வறியாமை அவர் தேடிக்கொண்டதன்று. அவர் மொழியில் சொல்லப்படாத சட்டம் அவர்மேல் சுமத்தியது.

வரி தமிழனுக்குப் புதியதன்று. இறை, வரி, உல்கு என்று தமிழில் வழங்கிய சொற்களே அதற்குச் சான்று. பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி தண்டும் முறையைப் பிசிராந்தையார் எடுத்துரைத்த நாடு இது. சுங்கம் நீக்கிய கரணியத்தால் முதற் குலோத்துங்கன் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்ற நாடு இது. ஆனால், இன்றைய வருவாய் வரி ஆங்கிலேயர் இட்டது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியதால் வெறுமையான கருவூலத்தை நிரப்பச் சேம்சு வில்சன் என்பார் 1860-இல் அதனைக் கொண்டுவந்தார். பின் 1886, 1922, 1961 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் மாறின. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய சட்டத்திற்கு 2026 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறை நாளாகக் குறிக்கப்பட்டது. சட்டங்கள் மாறின, சட்டத்தின் மொழி மட்டும் மாறவில்லை.

அயல்நாட்டில் ஈட்டும் தமிழன் இவ்வரியோடு போராடுவதும் இன்று நேற்று வந்ததன்று. கொழும்பில் வணிகம் நடத்திய செட்டியார் குடும்பத் தலைவர் ஒருவர் 1942-43-ஆம் ஆண்டில் பலமுறையாக மொத்தம் 101 நாள் இங்கு வந்து தங்கினார். அதனைக்கொண்டும், இங்கு அவர் பார்த்த அலுவல்களைக்கொண்டும் அக்குடும்பம் இந்நாட்டில் உறைவதே என்று வரித்துறை கொண்டது. வழக்கு உச்ச வழக்குமன்றம் வரை போயிற்று. குடும்பத்தின் ஆட்சி முழுவதும் அயல்நாட்டில்தான் நடந்தது என்று மெய்ப்பிக்கத் தவறியதால் அவர் தோற்றார். மலேசியாவின் ஈப்போவில் இரப்பர்த் தோட்டம் வைத்திருந்த மற்றொரு செட்டியார் நிறுவனமோ 2004-இல் அதே மன்றத்தில் வென்றது. இரு நாடுகளுக்கிடையே வரி உடன்படிக்கை இருக்குமானால், நாட்டுச் சட்டம் அதற்கு வழிவிட வேண்டும் என்று மன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் சான்றின்றித் தோற்றார். மற்றொருவர் உடன்படிக்கையால் வென்றார். இவ்விரண்டு வழக்குகளுமே இன்று அயல்நாடு போகும் எளிய தொழிலாளிக்கும் பாடங்கள். செல்வர்க்கு வழக்கறிஞர் இருந்தனர். செம்பட்டித் தம்பிக்கு யார் இருக்கின்றனர்?

ஆதலால், சட்டத்தின் உள்ளீட்டை எளிய தமிழில் இங்கே சொல்லிவிடுகின்றேன்.

வருவாய் வரி ஒருவரின் குடியுரிமையைப் பார்ப்பதன்று, நாள்களை எண்ணுவது. ஏப்பிரல் முதல் நாள் தொடங்கி மார்ச்சு 31 முடிய உள்ள ஓராண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்நாட்டில் இருந்தவர் 'உறைவோர்'. உறைவோர் தம் வருவாய் உலகின் எம்மூலையில் வந்தாலும் இங்குக் கணக்குக் காட்ட வேண்டும். உறையாதோர்க்கோ இந்நாட்டில் விளைந்த வருவாய்க்கும், இந்நாட்டில் கையில் பெற்ற வருவாய்க்கும் மட்டுமே வரி. ஓராண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இங்கு இருந்தாலே உறைவோர் என்று மற்றொரு விதியும் உண்டு. ஆயினும், வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகனுக்கு அவர் புறப்படும் ஆண்டில் அந்த 60 நாள் 182 நாளாக உயர்த்தப்பட்டிருக்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். இருவர் ஒரே நிறுவனத்தில், ஒரே சம்பளத்தில் துபாய் செல்கின்றனர். ஒருவர் செப்தம்பர் 20-இல் வானூர்தி ஏறுகிறார். ஏப்பிரல் முதலாக அவர் இங்கிருந்த நாள்கள் 173. அவ்வாண்டில் அவர் திரும்பி வரவில்லையென்றால் அவர் உறையாதோர். அவர் துபாய்ச் சம்பளத்தை இந்நாட்டு வரி தொடாது. மற்றவர் அக்தோபர் 5-இல் ஏறுகிறார். அவர் இங்கிருந்த நாள்கள் 188. அவர் உறைவோர், அக்தோபர் முதல் மார்ச்சு வரை அவர் வாங்கிய துபாய்ச் சம்பளமும் இந்நாட்டு வரிக்கணக்கில் சேரும். பதினைந்து நாள் வேறுபாடு. அரையாண்டுச் சம்பளத்தின்மேல் வரி! புறப்படும் நாளைத் தாமே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பிருந்தும் இதை அறியாமல் இழந்தவர் எத்தனை பேரோ!

புறப்பட்ட பின்னும் எண்ணிக்கை தொடர்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு விடுமுறைக்கு வந்து போகும் குடிமகன் ஓராண்டில் 181 நாள் வரை இங்கிருந்தாலும் உறையாதோரே. ஆனால், அயல்நாட்டு வருவாய் நீங்கலாக இந்நாட்டில் 15 இலக்கத்திற்கு மேல் வருவாய் உள்ளவர்க்கு 2020-ஆம் ஆண்டு முதல் அவ்வெல்லை 120 நாளாகச் சுருக்கப்பட்டது. அதே ஆண்டில் இன்னொரு விதியும் வந்தது: எந்நாட்டிலும் வரி கட்டும் கடப்பாடு இல்லாத இந்தியக் குடிமகனை இந்நாட்டில் உறைபவராகவே கொள்ளலாம் என்பது அது. இச்செய்தி வந்தவுடன் வளைகுடாவில் உழைக்கும் மக்களிடையே பேரச்சம் பரவியது. அங்கே சம்பளத்திற்கு வரி இல்லையன்றோ? அவ்வச்சத்தைக் கண்ட நடுவணரசு, உண்மையாக உழைக்கப் போனவர்களின் வளைகுடாச் சம்பளத்திற்கு வரி விதிக்கும் எண்ணமில்லை என்று விளக்கம் தந்தது. விதியும், இந்நாட்டில் 15 இலக்கத்திற்கு மேல் வருவாய் உள்ளவர்க்கே பொருந்துமாறு அமைந்தது. கூலிக்குப் போன தொழிலாளியை அது தீண்டாது. இவ்விளக்கம் தமிழில் அவன் கைக்குக் கிடைத்திருக்குமானால், அவ்வச்சத்தை விற்றுப் பணம் பார்த்தவர்களுக்கு வேலை இருந்திருக்குமா?

இனி, போகும் நாட்டின் வரி. வளைகுடா நாடுகளில் இதுவரை தொழிலாளியின் சம்பளத்திற்கு வருவாய் வரி இல்லை. ஓமான் மட்டும் 2028 முதல், ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருவாய்க்கு 5 விழுக்காடு வரி விதிக்கச் சட்டம் இயற்றியுள்ளது; எளிய தொழிலாளி அவ்வெல்லையை எட்டமாட்டான். சிங்கப்பூரும் மலேசியாவும் அவ்வாறல்ல. அங்கும் வரி உண்டு. அங்கும் நாள்கணக்கு உண்டு. மலேசியாவில் 182 நாள்கூட நிறையாமல் வேலை செய்பவரின் சம்பளத்தில் 30 விழுக்காடு வரை வரியாகப் போகும். சிங்கப்பூரில் அயல்நாட்டுத் தொழிலாளி வேலையை விட்டு நீங்கும்போது, வேலை கொடுத்தவர் ஒரு திங்கள் முன்னதாகவே வரித்துறைக்குத் தெரிவித்து, கொடுக்க வேண்டிய பணத்தைத் தம்மிடம் நிறுத்திவைத்து, வரித்தீர்வு முடிந்த பின்னரே விடுவிக்க வேண்டும். இதை அறியாத தம்பிகள் கடைசிச் சம்பளத்தை முதலாளி விழுங்கிவிட்டான் என்று புலம்புவதும், உண்மையிலேயே விழுங்கப்பட்டவர்கள் 'வரிதான் போலும்' என்று வாளாவிருப்பதும் அறியாமையின் இரு முகங்கள்.

இரண்டு நாடும் ஒரே சம்பளத்திற்கு வரி கேட்டால்? அதற்காகவே இந்தியா பல நாடுகளோடு இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை செய்துள்ளது. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு நாடுகள் ஆகியவற்றோடும் உண்டு. அங்குக் கட்டிய வரியை இங்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கெனத் தனிப்படிவம் உண்டு. அங்கு வரி கட்டிய சான்றும் வேண்டும். சான்றில்லாதவனுக்குக் கழிவில்லை. கொழும்புச் செட்டியார் தோற்ற அதே இடம்!

ஊருக்கு அனுப்பும் பணம் பற்றியும் பெருங்குழப்பம் நிலவுகிறது. அயல்நாட்டில் சம்பளமாகக் கைக்கு வந்துவிட்ட பணத்தைப் பெற்றோர்க்கோ மனைவிக்கோ அனுப்புவது புதிய வருவாயன்று, அதற்கு வரியில்லை. ஆனால், வேலை கொடுத்தவர் சம்பளத்தையே நேராக இந்நாட்டு வைப்பகக் கணக்கில் போட்டால், அது இங்குப் பெற்ற வருவாய் என்று கொள்ளப்படும் இடர் உண்டு. ஆகவே அங்குள்ள கணக்கில் வாங்கி, பின்னரே இங்கு அனுப்புதல் வேண்டும். வெளிநாடு சென்றதை வைப்பகத்திற்குத் தெரிவித்துப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். என்.ஆர்.இ. என்று ஆங்கில எழுத்துகளால் வழங்கும் கணக்கில் அயல்நாட்டுப் பணத்தைப் போட்டால், அதன் வட்டிக்கும் வரியில்லை. என்.ஆர்.ஓ. எனும் கணக்கின் வட்டியிலோ 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் முன்பே பிடித்துக்கொள்வர். வரம்பிற்குள் வருவாய் உள்ளவர் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம், பெறுவோர்தாம் குறைவு. ஓர் எழுத்து வேறுபாட்டில் தொழிலாளியின் வட்டி போகிறது. அவ்வெழுத்தின் பொருளை அவனுக்குத் தமிழில் சொல்வார் இல்லை. '12 இலக்கம் வரை வரியில்லை' என்று செய்தித்தாளில் படித்து மகிழ்கின்றவர்களும் ஒன்றறிய வேண்டும்: அத்தள்ளுபடி இந்நாட்டில் உறைவோர்க்கே, உறையாதோர்க்கு அது கிடையாது.

நிலையாக ஊர் திரும்பியவர்க்கும் சட்டம் ஓர் இடைவெளி தந்துள்ளது. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு உறையாதோராக இருந்தவரோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் 729 நாளுக்கு மேற்படாமல் இங்கிருந்தவரோ, இரண்டு மூன்று ஆண்டுவரை தம் அயல்நாட்டு வருவாய்க்கு இங்கு வரி கட்ட வேண்டியதில்லை. அவ்விடைவெளி முடிந்தபின், வெளிநாட்டில் விட்டுவந்த கணக்கில் உள்ள பணத்தையும் வரிக்கணக்கில் காட்டியாக வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 இலக்கம் உருபா தண்டம்! 2024 அக்தோபர் முதல், அசையாப் பொருள் நீங்கலாக 20 இலக்கத்திற்கு மேற்படாத உடைமைகளுக்கு இத்தண்டம் தளர்த்தப்பட்டது. மறைக்கும் எண்ணமின்றி, மறந்துபோன கணக்கிற்காகத் தண்டம் கட்ட நேர்வது எத்துணைக் கொடுமை!

இவ்வளவையும் படித்த நீங்கள் ஒன்றை உணர்ந்திருப்பீர்கள். இச்சட்டம் அயல்நாட்டுத் தொழிலாளிக்குப் பகையன்று. அவனைக் காக்கும் விதிகளே மிகுதி. ஆனால், காப்பு எங்கே இருக்கிறது என்பது அவன் அறியாத மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு, நடுவணரசுச் சட்டங்களின் அதிகாரமுடைய மூலம் ஆங்கிலமே என்கிறது. 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இந்தி மொழிபெயர்ப்புக்கும் அத்தகுதியைத் தந்தது. பிற மொழிகளுக்கோ? 1973-இல் இயற்றிய ஒரு சட்டம், நடுவணரசுச் சட்டங்களின் தமிழ் முதலிய மொழிபெயர்ப்புகளும் குடியரசுத் தலைவரின் ஆணைப்படி வெளியிடப்பட்டால் அதிகாரமுடையனவே என்று அறிவித்தது. அரைநூற்றாண்டு கடந்தது. கதவு திறந்தேயிருக்கிறது; அதன் வழியே தமிழ் மடல் ஒன்றும் செம்பட்டித் தம்பியின் கைக்கு வந்து சேரவில்லை!

'எந்நாட்டிலும் வரிச்சட்டம் கடினமே. வல்லுநரிடம் போவதுதானே முறை?' என்று கேட்பார் உண்டு. உண்மைதான். சிக்கலான வழக்கிற்குத் தேர்ந்த பட்டயக் கணக்கரிடம் போகத்தான் வேண்டும். ஆனால், தனக்கு வல்லுநர் தேவையா இல்லையா என்பதையாவது ஒருவன் தானே படித்தறிய வேண்டாமா? வந்திருப்பது தண்டமா வினாவா என்று தெரியாதவன் வல்லுநரையும் தேடமாட்டான். முதலில் வாய் திறந்த தரகனிடம்தான் சிக்குவான். 'ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டுமே' என்பாரும் உண்டு. வரி தண்டுவது தமிழனின் உழைப்பிலிருந்து. கேட்பது மட்டும் பிறர் மொழியில் என்றால், அது முறையா?

நம் பக்கக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு என்ற பெயரில் ஆங்கிலத்தினும் கடினமான தமிழை எழுதிவைத்தால், அதனாலும் அத்தம்பிக்குப் பயனில்லை. 'உறைவோர்', 'உறையாதோர்' என்று நாம் ஆக்கும் சொல் அவன் நாவில் ஏற வேண்டும். அவன் தாய்க்கும் விளங்க வேண்டும். தூய தமிழ் எளிய தமிழாகவும் இருந்தாலன்றி, மக்கள் வாழ்வில் அது வேர்விடாது.

ஆகவே நாம் கேட்பன மூன்று. வரித்துறை தமிழ்நாட்டு மக்களுக்கு விடுக்கும் ஒவ்வோர் அறிவிப்பும் தமிழிலும் இருக்க வேண்டும். வருவாய் வரிச் சட்டத்தின் தமிழாக்கம் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகாரத்தோடு வெளியிடப்பட வேண்டும். அயல்நாடு செல்வோர்க்குக் கடவுச்சீட்டோடு, நாள்கணக்கு விளக்கும் ஒரு தமிழ்க் கையேடும் தரப்பட வேண்டும்.

கேட்டுவிட்டுக் கைகட்டி இருத்தலாகாது. ஒவ்வோர் ஊரிலும் நம் தோழர்கள், வெளிநாடு செல்லும் இளைஞர்க்கு இதனைச் சொல்லி அனுப்புங்கள்: கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கங்களைப் படியெடுத்து வை. வந்த நாளும் போன நாளும் ஒரு குறிப்பேட்டில் எழுது. வேலை உடன்படிக்கை, சம்பளச் சீட்டு, பணம் அனுப்பிய சீட்டு ஒன்றையும் எறியாதே. புரியாத தாளில் கையெழுத்திடாதே. புரியாத வரிக்குப் பணம் கொடாதே.

செம்பட்டித் தம்பிக்கு நானும் இன்னொரு நண்பரும் அமர்ந்து விடை எழுதிக் கொடுத்தோம். கடவுச்சீட்டின் பக்கங்களும், சம்பளச் சீட்டுகளும், வைப்பகக் கணக்கும் சேர்த்து அனுப்பினோம். துறை அதனை ஏற்றுக்கொண்டது. நாற்பதாயிரம் மட்டும் திரும்பவில்லை. விடுமுறை முடிந்து, கூட்டுச்சாலையில் பேருந்து ஏறும்போது அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். முதற் பக்கத்தில், தூய தமிழில், அன்றைய நாளை எழுதி, 'புறப்பட்டேன்' என்று குறித்திருந்தார்.